பஞ்சுமிட்டாய்க்காரரின் படம்

பழைய தங்கச் சுரங்கத்தை ஒட்டிய பாலகாட்டில், தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீடுகளுக்குப் பஞ்சுமிட்டாய் விற்க வருபவர் அவர். ஒல்லியான உடம்பு, நரைத்த மீசை. பிள்ளைகள் காசை நீட்டினால் வாங்க மாட்டார். நாலடி தள்ளி நின்று, "அம்மாவ கூட்டினு வா கண்ணு" என்பார்.

முன்பு ஒரு சிறுமிக்கு அவர் மிட்டாய் கொடுத்ததை யாரோ படமெடுத்து, 'பிள்ளை பிடிப்பவன், உஷார்' என்று வாட்ஸ்அப்பில் பரப்பிவிட்டார்கள். பக்கத்து லைனில் அவரை அடித்தும்விட்டார்கள். பொய் என்று போலீசே சொன்ன பிறகும் படம் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

எங்கள் குழுவில் நூற்று எண்பத்தாறு பேர். 'விசாரிக்காமல் அனுப்பாதீர்கள், அவர் வெறும் வியாபாரி' என்று எழுதினேன். இரண்டு பேர் கைகூப்பும் பொம்மை போட்டார்கள். அவ்வளவுதான்.

அதை அவரிடமே சொல்லி வருத்தப்பட்டேன்.

"வெறும் எழுத்த எவன் சார் படிப்பான்? அவனுங்க என் மூஞ்சியில்ல போட்டானுங்க" என்றார்.

"அப்போ நில்லுங்க, நானும் ஒரு போட்டோ எடுத்துப் போடுறேன்."

சட்டென்று துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். "ஐயோ, வேணாம் சார். ஒண்ணு போட்டதே போதும்."

நேற்று அந்தப் படம் வேறொரு குழுவிலிருந்து எனக்கு மறுபடி வந்தது, ஆறாவது முறையாக. அதில் அவர் அந்தச் சிறுமியைப் பார்த்து வாய்நிறையச் சிரிக்கிறார். நேரில் அவர் சிரித்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை.