டொக்டர் துஷாந்தனின் ஓயாத வாய்

அளவளாவல் அருங்குணம். பிறர் நெஞ்சின் கதவைத் தட்டாமலே திறக்கும் அக்குணத்தை இறைவன் சிலருக்குக் கரண்டியால் அளந்தான். சிலருக்கு வாளியோடு கவிழ்த்தான். வாளியோடு பெற்றவர் டொக்டர் துஷாந்தன்.

வரக்காப்பொலக் கடைவீதியில், சவர்க்காரம் வாங்க வந்தவரைப் பேரப்பிள்ளை வரை விசாரித்தனுப்பும் பலசரக்குக்கடை ராஜதுரையின் மகன் வேறெப்படி இருப்பார்? ஆனால் 2006ஆம் ஆண்டில் அந்த வாய் அவருக்கு வினையாயிற்று. மயக்க மருந்து நிபுணராகும் பயிற்சியில் இருந்தவரைப் பற்றி, முன்னைய மேற்பார்வையாளர் இருவரும் ‘அதிகம் பேசுகிறார்’ என்றே அறிக்கை எழுதினர். மூன்றாவதும் அப்படியே அமைந்தால் பயிற்சியை விட்டு விலக வேண்டியதுதான். கணவர் வாய் அடங்கினால் பிள்ளையாருக்கு மோதகம் படைப்பதாக மனைவி பிரஷாந்தினி நேர்ந்துகொண்டாள். அவரும் பேச்சு வராதிருக்க வாயில் கிராம்பை அடக்கிக்கொண்டு, ரப்பர் மலைகளின் நடுவிலிருந்த மருத்துவமனைக்குப் போனார்.

அங்கே மேற்பார்வையாளர் டொக்டர் ஸுலைஹா. குறையைத் தோண்டுமுன் ஒருவரின் வலிமையைக் கண்டு, அதை வேலையில் பூட்ட வேண்டும் என்னும் புதிய பயிற்சி முறையில் பற்றுடையவர்.

“நீங்க எதில கெட்டிக்காரர்?”

“ஒன்னுலயும் இல்ல மேடம். பேசுவேன், அவ்வளவுதான்.”

“அப்ப பேசுங்க. ஒபரேஷனுக்கு முந்தி நோயாளிகளப் பார்க்கிற வேலை இனி உங்களுக்கு. முதல்ல அந்தக் கிராம்பத் துப்புங்க.”

மாதம் ஒன்று சென்றது. ஒரு காலை, குடலிறக்கத்துக்கு அறுவை செய்யப் படுத்திருந்தார் ரப்பர் மரத்தில் பால்வெட்டும் முத்துவீரன். நள்ளிரவு முதல் ஒன்றும் உண்ணலாகாது என்பது கட்டளை. வயிற்றில் உணவிருக்க மயக்கினால் அது மூச்சுக்குழலில் ஏறி உயிரையே குடிக்கும்.

“பச்சத்தண்ணி கூட படலைங்க” என்றார் முத்துவீரன், சாமியார் முகத்தோடு.

வேறொருவராயின் அத்தோடு எழுந்து போயிருப்பார். துஷாந்தனோ கட்டிலில் அமர்ந்து மழையை விசாரித்தார், அட்டைக்கடியை விசாரித்தார், தம் தாயார் சுடும் தேங்காய் ரொட்டியில் வந்து நின்றார். “இந்த ஜில்லாவுலயே அப்படி ஒரு ரொட்டி கிடையாதுங்க.”

முத்துவீரனுக்கு மானம் பொங்கியது. “சும்மா இருங்கய்யா! எங்க ஜெயம்மா சுட்டத இன்னிக்கு விடிய தின்ன எனக்குல்ல தெரியும்!”

சொன்னவர் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகுமுன் தேயிலைச் சாயத்தண்ணியும் ரொட்டியும் உள்ளே போகாவிட்டால் மலையேறக் கால் வராது என்பது தோட்டத்து நம்பிக்கை. வெறும் வயிற்றோடு கத்திக்கு முன் படுக்க விடுவாளா மனைவி ஜெயம்மா?

துஷாந்தன் அறுவையை நிறுத்திவைத்த செய்தி கேட்டு அறுவை நிபுணர் ஸம்சுதீன் சீறி வந்தார். “ரொட்டிக் கதைக்காக ஒபரேஷன் தியேட்டர நிப்பாட்டுறதா? இதையும் அறிக்கையில எழுதச் சொல்றன்! என்னங்க, சாப்பிட்டீங்களா?”

“நானா? இல்லீங்களே!” என்றது போர்வை.

துஷாந்தன் போர்வையைப் பார்த்தார். தலையாட்டினால் பதவி மிஞ்சும், முத்துவீரன் மிஞ்சுவாரா?

“மன்னிக்கணும் சேர். இன்னிக்கு நான் மயக்க மாட்டேன்.”

அவர் வாழ்நாளிலேயே மிகக் குறுகிய பேச்சு அது. அவ்வேளை பொட்டலமும் பிளாஸ்க்குமாக ஜெயம்மா நுழைந்தாள்.

“ஏங்க, விடிய குடுத்தது பத்துச்சா? இன்னும் ரெண்டு கொண்டாந்திருக்கேன்.”

ஸம்சுதீன் பொட்டலத்தைப் பறிமுதல் செய்தார். ஓர் ஓரத்தைக் கிள்ளி வாயிலிட்டுச் சற்று நேரம் மென்றார். “நாளைக்கு வெட்டுவம்” என்றவர், துஷாந்தன் பக்கம் திரும்பி, “உங்கட அம்மாட ரொட்டி இதவிட நல்லமா?” என்றார். சண்டை அத்தோடு முடிந்தது. மறுநாள் அறுவையும் நலமே முடிந்தது.

ஸுலைஹா எழுதிய அறிக்கை: ‘பேசுகிறார், அதனால் நோயாளி பிழைக்கிறார்.’ 2009இல் துஷாந்தன் நிபுணரானார்.

வாய் மட்டும் அடங்கவேயில்லை. ஆயினும் பிரஷாந்தினி மோதகம் அவித்தாள். பிள்ளையாருக்கு விளக்கம் சொல்லும் பொறுப்பைக் கணவரிடமே விட்டாள். சன்னிதியில் அவர் தொடங்கிய விளக்கம் முடியுமுன் மோதகம் ஆறிப்போயிற்று.

ஐங்கரன் அருளால் அந்த மனையில் அடுப்பு அவியாதிருக்க, உண்பார் நிறைக, கேட்கும் செவிகள் ஒருநாளும் சலியாதிருக்க!