பின்னால் போன கைப்பிடி

“மாமா, வாளை ஏன் திருப்பிக் கட்டியிருக்கீங்க?”

கோட்டையின் மேற்கு வாசலில் பழங்காலப் படைவீரன் உடையில் நின்ற தாக் மன்ஹோவை, பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு சுற்றுலாப் பெண் இப்படிக் கேட்டாள். அவர் இடுப்பில் உறையின் நுனி முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது, கைப்பிடி பின்பக்கம் போயிருந்தது. மன்ஹோவுக்குப் பதில் தெரியவில்லை. என்னைக் கேட்டிருந்தாலும் அன்று விழித்துக்கொண்டுதான் நின்றிருப்பேன்.

“இப்படித்தாம்மா குடுத்தாங்க” என்றார் மன்ஹோ.

வார நாட்களில் அவர் டவுன் பஸ் ஓட்டுகிறவர். சனி, ஞாயிறுகளில் மட்டும் பழைய கொரியாவின் ஜோசன் அரசருக்குக் காவலர். பதினோரு வருடமாக அதே வாசல். அசையாமல் நிற்க வேண்டும், சிரிக்கக் கூடாது, அவ்வளவுதான் வேலை. இரண்டுமே அவருக்கு வராது.

அந்த இலையுதிர்கால விழாவில் முதல் முறையாக அவரை வில்லாளிகள் வரிசையில் சேர்த்திருந்தார்கள். அதைவிடப் பெரிய விஷயம், மகளுக்கு மாமனாராகப் போகிற நாம்குங் விழாவைப் பார்க்க வருவதாக இருந்தது. பிறகு இரண்டு குடும்பமும் சேர்ந்து சாப்பிடும்; எல்லாம் சரியாக இருந்தால் கல்யாணத் தேதி குறிக்கப்படும். நாம்குங் வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், டிவியில் ஒரு சரித்திரத் தொடரையும் விடாதவர். தொடர்களில் எல்லா வீரனுக்கும் கைப்பிடி முன்னால்தான் இருக்கும்.

“அவர் முன்னாடி நான் கோமாளியா நிக்கணுமா?” என்று மன்ஹோ வாளைக் கட்டும் முறையையே மாற்றத் தீர்மானித்தார்.

முதலில் இடுப்புக் கச்சைக்குள் வாளைச் செருகிப் பார்த்தார். தொப்பைக்கு மேலே கட்டினால் மூச்சு முட்டியது, கீழே கட்டினால் கச்சை வழுக்கியது. ஒரு வழியாக இறுக்கிக் கட்டிக்கொண்டு, நாம்குங்கை எப்படிக் குனிந்து வணங்குவது என்று வீட்டில் ஒத்திகை பார்த்தார். அவர் குனிய, பின்னால் உறையின் நுனி எழும்பி, மனைவி ஓக்பூன் கையிலிருந்த கிம்ச்சி ஊறுகாய்க் கிண்ணத்தைத் தட்டிவிட்டது.

“கும்பிடுங்க, வேணாங்கல” என்றாள் ஓக்பூன், தரையைத் துடைத்தபடி. “வாலை எதுக்கு ஆட்டுறீங்க?”

அடுத்து, இரண்டு தோல் வார்களில் தொங்கவிடும் முறை. கைப்பிடி கம்பீரமாக முன்னால் நின்றது. கண்ணாடி முன் அரை மணி நேரம் நடந்தார். “பஸ்ஸுக்கு நேரமாச்சு, தளபதி” என்று ஓக்பூன் சொல்ல வேண்டியிருந்தது.

விழாவுக்கு முந்தைய ஒத்திகையில் அதே கம்பீரத்தோடு நாணை இழுத்தார். வில்லின் கீழ்முனை வாளின் கைப்பிடியில் போய் மாட்டிக்கொண்டது. அம்பு, பழுத்த சீமைப்பனிச்சைப் பழம் போல அவர் கால்மாட்டிலேயே விழுந்தது.

“அண்ணே, எறும்பையா குறி பாத்தீங்க?” என்று வரிசையே சிரித்தது.

மன்ஹோ சிரிக்கவில்லை. வில்லைப் பார்த்தார், கைப்பிடியைப் பார்த்தார், மறுபடி வில்லைப் பார்த்தார். கைப்பிடி பின்னால் இருந்திருந்தால் மாட்டியிருக்காதே! ஒரு கையில் வில்லும் இடுப்பில் வாளுமாகத் திரிந்தவர்கள் காரணம் இல்லாமலா அப்படிக் கட்டினார்கள்? வீட்டுக்குப் போய், வாளோடு கொடுத்து இவர் கழற்றிப் போட்டிருந்த பழைய பித்தளைச் சுழல்கொக்கியைத் தேடி எடுத்து மாட்டினார்; கைப்பிடி மறுபடி பின்னால் போனது.

“அந்த மனுஷன் சிரிச்சா?” என்றாள் ஓக்பூன்.

“வாளப் பாத்துச் சிரிக்கட்டும். அம்பப் பாத்துச் சிரிக்கக் கூடாது.”

விழா அன்று நாம்குங் முதல் வரிசையில் இருந்தார். “தாக் சார், வாளைத் தலைகீழா மாட்டிட்டீங்களே!” என்று எல்லார் காதிலும் விழக் கூவினார். மகள் முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.

மன்ஹோவின் காது சிவந்தது. “கொஞ்சம் பொறுங்க சார்” என்றார்.

ஐந்து அம்பில் மூன்று இலக்கில் பட்டன. ஒன்று வைக்கோலில் பாய்ந்தது. இன்னொன்று போன இடம் அங்கிருந்த காக்கைகளுக்குத்தான் தெரியும். ஆனால் வில் ஒருமுறைகூடக் கைப்பிடியில் மாட்டவில்லை. பிறகு வில்லைக் கீழே வைத்து, இடக்கையால் உறையைப் பிடித்துச் சுழற்றினார். கொக்கி திரும்பியது. தொப்பை ஒரு கணம் குறுக்கே நின்றது, எக்கிக்கொண்டார். கைப்பிடி முன்னால் வந்து கையில் உட்கார, வாள் வெளியே வந்தது.

நாம்குங் இருக்கையிலிருந்து எழுந்து எட்டிப் பார்த்தார்.

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்ததும் அவர் முதலில் கேட்டது அதைத்தான். “அதை இன்னொரு வாட்டி திருப்புங்க, பாப்போம்.” மன்ஹோ ஏழு முறை திருப்பிக் காட்டினார். எட்டாவது முறை நாம்குங் தானே வாங்கி, கோட்டுக்கு மேலே கட்டிக்கொண்டு சுழற்றினார். சூப் சட்டி கவிழ்ந்தது.

ஓக்பூன் துணியை எடுத்தாள். “ரெண்டு வீட்டுலயும் ஒரே பழக்கம். பொண்ணத் தைரியமாக் குடுக்கலாம்.”

நாம்குங் வாளைக் கழற்ற மனமில்லாமல் உட்கார்ந்தார். “சம்பந்தி, வசந்தத்துல வச்சுக்கலாமா?” என்றார்.

மன்ஹோ இன்றும் அதே வாசலில்தான் நிற்கிறார். கைப்பிடி ஏன் பின்னால் என்று யார் கேட்டாலும் அரை மணி நேரம் சுழற்றிக் காட்டுகிறார். வாசலை யாரும் காப்பதில்லை. அதனால் இதைப் படிக்கிறவர்கள் தெரிந்தவர்களுக்கெல்லாம் இந்தக் கதையைச் சொல்லிவிடுங்கள். எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் விடை தெரிந்தே வந்தால், அவர் கொஞ்ச நேரமாவது அசையாமல் நிற்பார்.