வல்லியம்மாள் ஆகவிருந்த வள்ளியம்மாள்

மூன்று மாதமாக வாழைப்பழத் தோலில் ஊசி பிடித்து, நானாகவே பச்சை குத்தப் பழகியிருக்கிறேன். இன்று காந்திபுரத்தில் ஒரு டாட்டூ கடைக்குப் போய், தொழில் கற்கச் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டேன்.

"யாருக்குங்க, பேரனுக்குங்களா?" என்றார் கடைக்காரர்.

"எனக்குத்தானுங்க."

சிரித்தார். "இந்த வயசுல கை நடுங்குமுங்க. ஊட்டுல ரெஸ்ட் எடுங்க."

கையை நீட்டிக் காட்டினேன். அவர் பார்க்கவேயில்லை.

பக்கத்தில் ஒருவர், அம்மாவின் பெயரைக் குத்திக்கொள்ள, போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். குத்துவதற்கு முன் அவர் கையில் ஒட்டியிருந்த மை அச்சில் 'வல்லியம்மாள்' என்றிருந்தது.

"வள்ளிக்கு எந்த 'ள'ன்னு கூடத் தெரியாதுங்களா? குத்திப்போட்டா அழியுமுங்களா?" என்று கத்தினேன். போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர் துள்ளி எழுந்தார்.

கடைக்காரர் அச்சைத் துடைத்துவிட்டு, "ஏனுங்க, எழுத்துப் பார்க்க மட்டும் வாரீங்களா?" என்றார்.

"ஊசியக் குடுத்தா வாரேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இனி ஆள் தோலில்தான் பழக வேண்டும். கை தர முன்வருகிறவர்கள் பின்னூட்டத்தில் பெயரை எழுதுங்கள். பிழையில்லாமல்.