டயருக்கு மப்ளர்

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரத் திருவருகைக் காலத்தில் எங்கள் பங்குக் கோயிலில் திருமணம் வைப்பதில்லை. அது தொடங்குவதற்கு முந்தைய கடைசிச் சனிக்கிழமை என் மகளுக்குக் கல்யாணம். தவறினால் கிறிஸ்துமஸ் முடியக் காத்திருக்க வேண்டும். மாப்பிள்ளையோ அடுத்த வாரமே துபாய்க்கு விமானம் ஏற வேண்டியவர். அந்தச் சனிக்கிழமை கார்த்திகை அடைமழைக்குள் விழும் என்பது நாள் குறித்த யாருக்கும் உறைக்கவில்லை.

எண்பதுகளின் கடைசி அது. பருத்திப்பட்டு ஏரி நிரம்பி, எங்கள் வீட்டிலிருந்து சாலைக்குப் போகும் மண்பாதை களியாகிக் கிடந்தது. வாடகை அம்பாசடர் பாதி வழியில் பின்சக்கரங்கள் புதைந்து நின்றுவிட்டது. உள்ளே ஓட்டுநர், நான், வெள்ளைப் பட்டுப் புடவையில் மகள், மணப்பெண்ணைவிட ஆடம்பரமாக உடுத்தியிருந்த என் அக்கா. இடப்பக்கக் கதவுகள் பாதையோரக் கரையில் முட்டித் திறக்கவில்லை. வலப்பக்கம் திறந்தால் முழங்கால் சேறு. கண்ணாடியை இறக்கினால் மழை. ஏற்றினால் மல்லிகையும் பீடி நாற்றமும் சேர்ந்து மூச்சை அடைத்தன. மதியத்துக்குள் போகாவிட்டால் பங்குச் சாமியார் அடுத்த ஊர்த் துணைக்கோயிலுக்குப் பூசை வைக்கக் கிளம்பிவிடுவார்.

ஓட்டுநர் ஆக்ஸிலேட்டரை மிதித்தார். வண்டி இன்னும் ஒரு சாண் இறங்கியது.

"மிதிக்காதீங்க, பள்ளந்தான் ஆழமாகும். முறைப்படி முதல்ல எடையைக் குறைக்கணும். எல்லாரும் எறங்கணும்" என்றேன்.

"கல்யாணப் பொண்ணைச் சேத்துல எறக்குவியா? ஒன் முறையைக் கொண்டுபோய் ஏரியில போடு" என்றாள் அக்கா.

ராணுவ வண்டிகளின் உதிரிபாகங்களுக்குக் கோப்பு தள்ளும் உத்தியோகம் எனக்கு. வடக்கே மலையில் இருந்தபோது பனியில் புதைந்த வண்டியை எடுக்கும் விதிகள் அனைத்தும் மனப்பாடம். சக்கரத்தைச் சுற்றித் தோண்டு, டயரில் சங்கிலி பூட்டு, மெதுவாக நகர்த்து. ஓட்டுநருக்கு விளக்கினேன்.

"பனிக்கா? பனின்னா நாங்க மப்ளர் கட்டுவோம் சார். நீங்க டயருக்குச் சங்கிலி கட்டுவீங்களா?"

வெளியே குடைகள் கூடிவிட்டன. "இன்னா அண்ணாத்தே, பொண்ணு உள்ள கீதா?" என்று ஒரு குடை கேட்டது.

"உள்ளதான் கீது. நைனா பாடம் நடத்திகினு கீறாரு" என்றார் ஓட்டுநர்.

வேட்டியை மடித்துக்கட்டி நான் இறங்கினேன். சங்கிலிக்கு எங்கே போவது? எதிர்வீட்டுக்காரர் கிணற்றுக் கயிற்றை அறுத்துக் கொடுத்தார். ஓட்டுநர் தோண்ட, நான் டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கி, கயிற்றைச் சக்கரத் துவாரங்களில் நுழைத்து டயரைச் சுற்றி இறுக்கினேன். கட்டு கச்சிதம். வண்டி அசையவில்லை. அடிப்பாகமே சேற்றில் உட்கார்ந்திருந்தது.

"எறங்கணும்" என்றேன் மறுபடியும்.

மகள் கதவைத் திறந்தாள். அக்கா அவள் கையைப் பிடித்தாள்.

"விடுங்க அத்தை. சேறு கழுவினாப் போயிரும். சாமியாரு போயிட்டா?"

கால் வைத்ததும் புடவை முழங்கால்வரை கருத்தது. அக்கா அசையவே இல்லை. பின்சக்கரத்தின் மேல் சற்றுக் கனம் இருப்பது பிடிப்புக்கு நல்லது என்றும் ஒரு விதி உண்டு. அதை அவளிடம் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

குடைகள் மடங்கின. எல்லோரும் தள்ளினோம்; மகளும் டிக்கியில் கை வைத்தாள். கயிறு களியைக் கவ்வியது. வண்டி உறுமி மேட்டில் ஏறிய பிறகுதான் கயிறு அறுந்தது.

கோயில் வாசலில் சாமியார் ஸ்கூட்டரைக் கிளப்பிவிட்டிருந்தார். சேற்றுக் காலோடு மகள் ஓடிப்போய் அதன் முன்னால் நின்றாள். அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு அவர் எஞ்சினை அணைத்தார்.