அகலம் பூஜ்யமான ஏழு பெட்டிகள்

1. வந்த வேலை

நான் செய்த பிழைகளிலேயே பெரியதற்கு சிஸ்டம் ஒரு எச்சரிக்கைகூடக் காட்டவில்லை. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு உதவும் என்று எழுதிவைக்கிறேன்.

கள்ளக்குறிச்சியில் ஒரு அச்சகத்தின் மாடியறையில் டைப்செட்டிங் பார்க்கிறேன். அறையில் மூன்று நாற்காலிகள். மற்ற இருவரும் சென்னைக்குப் போய்விட்டார்கள். முதலாளி உளுந்தூர்பேட்டைக் கிளையில் இருப்பார்; பேச்செல்லாம் போனில்தான். அவர் அழைக்காத நாளில் மாலைவரை நான் வாய் திறந்திருக்க மாட்டேன்.

கச்சிராயபாளையத்துக்கு அப்பால், மலையடிவாரத்து மாதா கோயில் ஒன்றின் குடும்ப ஏடு வேலைக்கு வந்தது. ஒரு குடும்பத்துக்கு ஒரு பெட்டி. மேலே குடும்பத் தலைவர் பெயர் தடித்த எழுத்தில். கீழே வரிக்கு ஒருவராக மற்றவர்கள். திருவிழாவன்று சாமியார் இந்த ஏட்டைப் பார்த்துத்தான் குடும்பம் குடும்பமாகப் பெயர் வாசிப்பார். வாசித்ததும் அவர்கள் எழுந்து போய் மெழுகுவத்தி வாங்கிக்கொள்வார்கள்.

2. நான் எழுதிய விதிகள்

எல்லாப் பெட்டிக்கும் ஒரே அகலம் வைத்தால் நீளமான பெயர்கள் மடங்கின. சிறிய பெயர்களுக்குப் பக்கத்தில் வெற்றிடம் கிடந்தது. ஒவ்வொன்றாகக் கையால் சரிசெய்துகொண்டிருந்தேன்.

"இன்னாம்மா, ஒண்ணொண்ணா இழுத்துக்கினு இருந்தா திருவிழாவே முடிஞ்சிடும். சிஸ்டத்தையே இழுக்க வையி" என்றார் முதலாளி.

சிஸ்டம் தானாகவே செய்யும்படி கட்டளைகளாகச் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று எழுதினேன்.

அ) உறுப்பினர் வரிகளை அள. மிக நீளமானதே பெட்டியின் அகலம்.
ஆ) தலைவர் பெயரை அளக்காதே. பட்டம், இனிஷியல் எல்லாம் சேர்ந்து அது நீண்டுவிடும். தேவைப்பட்டால் இரண்டு வரியாக மடங்கட்டும்.
இ) அகலம் பூஜ்யம் என்றால் அந்தப் பெட்டியை விட்டுவிடு.

மூன்றாவது விதி வெற்று வரிசைகளுக்காக. சாமியாருக்கு உதவியாகக் கோயில் வேலைகளைப் பார்க்கும் உபதேசியார் அனுப்பிய எக்செல் தாளில், ஊரை விட்டுப் போன குடும்பங்களை அழித்த இடமெல்லாம் காலியாக இருந்தது.

சோதிக்க திருக்கோவிலூரில் உள்ள எங்கள் வீட்டைப் போட்டேன். அப்பா தலைவர், அம்மா, இரண்டு தம்பிகள், நான். பெட்டி கச்சிதமாக வந்தது. அடுத்த சோதனை எதுவும் செய்யவில்லை.

3. கோயில் வாசல்

அந்தக் கோயிலில் ஒரு வழக்கம். அச்சுக்குப் போகுமுன் புரூஃபை ஞாயிறு பூசை முடிந்ததும் வாசலில் நீளமான பெஞ்சில் பரப்புவார்கள். அவரவர் பெட்டியை அவரவர் பேனாவால் திருத்தலாம். புரூஃபோடு டவுன் பஸ்ஸில் நானே போனேன். அவ்வளவு பேர் நடுவில் நின்று எனக்குப் பல நாளாகிவிட்டது.

எல்லாரும் திருத்திவிட்டு நகர்ந்த பிறகும் ஓர் அம்மா முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை புரட்டிக்கொண்டே இருந்தார். பெயர் தெரேசம்மா.

"பாப்பா, இதுல என்னக் காணமே."

"உங்க குடும்பத் தலைவர் பேரு சொல்லுங்கம்மா, தேடித் தரேன்."

"தலைவரு இன்னா தலைவரு. எல்லாம் நான் ஒருத்திதான். போன ஏட்டுல அவரு மேல இருந்தாரு, நான் கீழ இருந்தேன். இப்ப அவரு இல்ல."

பக்கத்தில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தவர் சிரித்தார். "இன்னா தெரேசா, ஊர வுட்டே அனுப்பிட்டாங்களா?"

"உன் பொட்டி அரைப் பக்கத்துக்கு நிக்குதே, அதுல ஒரு மூலைல ஒண்டிக்கிறேன், நவுரு." அவரிடம் அப்படிச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். குரல் இறங்கியிருந்தது. "பேரு வாசிக்கிறப்ப நான் எந்திரிக்கணுமா, வேணாமா? அத மட்டும் சொல்லிடு."

"எந்திரிக்கணும்ங்கம்மா. சரிபண்ணிடறேன்" என்றேன். எதைச் சரிசெய்ய வேண்டும் என்று அப்போது எனக்கே தெரியாது.

4. காரணம்

திரும்பும் பஸ்ஸில் கரும்பு வயல்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பிடிபட்டது. தெரேசம்மாதான் தலைவர். கீழே வரி இல்லை. வரி இல்லாததால் அகலம் பூஜ்யம். அகலம் பூஜ்யமென்றால் விட்டுவிடு. சிஸ்டம் நான் சொன்னதைத்தான் செய்திருந்தது.

மறுநாள் காலை எக்செல் தாளோடு புரூஃபை ஒப்பிட்டேன். தனியாக வாழ்கிற ஏழு பேர் ஏட்டில் இல்லை. மற்ற ஆறு பேரும் அந்த ஞாயிறு வரவில்லையோ, வந்து தேடிவிட்டுக் கேட்காமலே போய்விட்டார்களோ, தெரியாது. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

விதிகளை மாற்றினேன். உறுப்பினர் வரி இல்லையென்றால் தலைவர் பெயரை அள. தலைவர் பெயரும் இல்லையென்றால்தான் விட்டுவிடு. முதலாளியிடம் நடந்ததைச் சொன்னேன். "ஏழும் வந்துடுச்சான்னு எண்ணிட்டு அனுப்பும்மா" என்றார். இரண்டு முறை எண்ணினேன்.

திருவிழாவுக்கு நான் போகவில்லை. உபதேசியார் போன் செய்தார். "தெரேசம்மா முன்வரிசைல குந்திக்கினு இருந்தாங்க. பேரு வாசிச்சி முடிக்கல, அதுக்குள்ள எந்திரிச்சிட்டாங்க."

5. கற்றுக்கொண்டது

அ) உள்ளே போன எண்ணிக்கையும் வெளியே வந்த எண்ணிக்கையும் ஒன்றா என்று பாருங்கள்.
ஆ) எதையாவது விட்டுவிடும்படி விதி எழுதினால், விட்டதையெல்லாம் ஒரு பட்டியலாகத் தரச் சொல்லுங்கள்.
இ) நிறைந்த பெட்டியை வைத்துச் சோதிக்காதீர்கள். மிகக் குறைவாக இருப்பதிலிருந்து தொடங்குங்கள்.

மூன்றாவது எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். கள்ளக்குறிச்சியில் வாடகை அறையில் நான் ஒருத்திதான். ஆனாலும் சோதிக்க உட்கார்ந்தபோது அப்பாவின் பெட்டியில் கடைசி வரியாகத்தான் என்னைப் போட்டுக்கொண்டேன்.

இப்போது எந்த வேலை வந்தாலும் முதல் சோதனை என் பெயர், தனியாக. நேற்றும் போட்டுப் பார்த்தேன். சிறிய பெட்டிதான், நான்கு பக்கமும் கோடு இருந்தது.