ஒருமுறை எரிந்த பச்சை

ரப்பர் கையுறைக்கு வணக்கம் சொல்லிக் கைகுலுக்கியவன் நான். ஆய்வு மாணவனாகச் சேர்ந்த முதல் நாள். ஆய்வகத்து மூலையில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதிலிருந்து கறுப்பாக இரண்டு கைகள் நீண்டு, விரல் விரித்து என்னைப் பார்த்து நின்றன. பெட்டிக்குள் நைட்ரஜனை அழுத்தி அடைத்திருப்பார்கள், அந்த அழுத்தத்தில் கையுறைகள் வெளியே புடைத்து நிற்கும் என்பதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? உள்ளே ஆள் இருக்கிறார் என்றே நினைத்துக் கைகொடுத்தேன். சில்லென்று இருந்தது. பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது: "ஏலே, கால்ல கீல விழுந்துராத. அது ஆசீர்வாதம்லாம் பண்ணாது."

அதுதான் அக்கா. கடையநல்லூர்க்காரர், ஆய்வகத்தில் எனக்கு மூத்தவர். மின்சாரம் பாய்ந்தால் ஒளிவிடுகிற கரிமச் சேர்மங்களைக் கண்ணாடித் துண்டின்மேல் மெல்லிய படலமாகப் பூசி, நெல்மணி அளவு விளக்குகள் செய்வது எங்கள் வேலை. ஈரம்தான் எதிரி. அதனால் வேலையெல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான், கையுறை வழியே கைவிட்டுத்தான். கொஞ்சம் பட்டாலும் படலத்தில் கரும்புள்ளி விழும், விழுந்தது பரவும். ஊரெல்லாம் சாரல் விழுந்துட்டா என்று குற்றாலத்துக்குப் போன் போட்டு விசாரிக்கும் மாதங்களில், நாங்கள் சன்னலை அடைத்துக்கொண்டு சாரலைத் திட்டிக்கொண்டிருப்போம். ஒருநாள் நான் ஐந்தருவியில் எண்ணெய் மசாஜ் செய்துகொண்டு, அரைகுறையாகக் குளித்துவிட்டு நேரே ஆய்வகத்துக்கு வந்து நின்றேன். அக்கா வாசலை மறித்துக்கொண்டார். "வடை சுடவாலே வந்திருக்க? உள்ள காலு வச்சே, கொன்னுருவேன்."

பெட்டிக்குள் கை நுழைக்குமுன் அக்கா இரு கையிலும் பவுடர் தட்டுவார், அல்லாவின் பெயரால் என்று வாய்க்குள்ளேயே பிஸ்மி சொல்வார். கொஞ்ச நாளில் அது எனக்கும் தொற்றிக்கொண்டது. நெற்றி நிறையத் திருநீறோடு நான் பிஸ்மி சொல்வதைப் பார்த்த பேராசிரியர் ஒன்றும் கேட்கவில்லை. படலம் நன்றாக வந்தால் அவருக்குப் போதும்.

எங்கள் விளக்குகளில் பெரும்பாலானவை பொழுது சாய்வதற்குள் செத்துவிடும். அக்கா செய்ததில் ஒன்றே ஒன்று சாகவில்லை. பச்சையாக எரிந்தது, வாரங்கள் தாண்டி மாதக்கணக்கில் எரிந்தது. அவருடைய ஆய்வேடே அதன்மேல்தான் நின்றது. ஆனால் அதே பொருள், அதே வெப்பம், அதே கை, இன்னொன்று வரவில்லை. இரண்டு சாரல் காலம் முயன்று பார்த்தார். "ஒருக்க எரிஞ்சா அதிசயம்லே. மறுக்க எரிஞ்சாத்தான் இயற்பியல்" என்பார், சிரித்துக்கொண்டே. ஆய்வுக்குழுவும் அதைத்தான் சொன்னது, சிரிக்காமல் சொன்னது. மறுபடி செய்து காட்டாவிட்டால் அந்த விளக்கை ஆய்வேட்டில் சேர்க்க முடியாது. கூட்டம் முடிந்து வந்தவர் மேசையைத் துடைத்தார். "நாந்தான் செஞ்சேனான்னு எனக்கே சந்தேகமா இருக்குலே" என்றார். மறுநாளிலிருந்து வரவில்லை. இப்போது புளியறைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறார்.

அந்த விளக்கை அணைத்துவிடச் சொன்னார் பேராசிரியர். சரி சார் என்று தலையாட்டிவிட்டு வந்து, அணைக்காமல் விட்டேன். இருட்டறையில் அந்தப் பச்சை எரிந்துகொண்டே இருந்தது. வேறு யாரும் அதைத் தொட்டுவிடக் கூடாதே என்று, அந்த அறையில் பேய் இருக்கிறது என்றொரு கதையைப் புது மாணவர்களிடம் நானே கிளப்பிவிட்டேன். அவர்கள் கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள். பயந்தது நான் ஒருவன்தான். கையுறைக்குள் கைவிட்டால் அக்காவின் பவுடர் வாசம். எனக்கு முன்னமே அங்கே விரல்கள் இருப்பதுபோல ஒரு கூச்சம். பின்னாலிருந்து கேலிக்குரல் வருமோ என்று திரும்பிப் பார்ப்பேன். வராது. அதுதான் பயமாக இருந்தது.

அக்கா செய்தபடியே, எதையும் மாற்றாமல், செய்துகொண்டே இருந்தேன். எனக்குச் சொந்தமாக யோசிக்க வராது என்பது அதில் பெரிய வசதி. இந்த ஆனியில் நான் செய்தது ஒன்று எரிந்தது. மறுநாளும் எரிந்தது. ஆடி முடிந்தும் எரிகிறது. பழைய பச்சை ரொம்பவும் மங்கிப்போய்ப் பக்கத்தில் கிடக்க, புதியது அதே நிறத்தில் நிற்பதைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை, மயிர்க்கூச்செறிந்தது. பேராசிரியர் குழுவிடம் பேசினார். வேறொருவர் கையிலும் எரிந்தால் முதலாவதும் உண்மைதான் என்று ஒப்புக்கொண்டார்கள். அக்காவின் ஆய்வுப் பதிவு இந்த மாதக் கடைசி வரைதான் செல்லும். அதற்குள் வந்து எழுதிக் கொடுத்தால் பட்டம் அவருக்கு.

போன் போட்டேன். "அக்கா, மறுக்க எரிஞ்சிட்டு! ஒங்க விளக்கு நெசம்தான். குழுவும் சரின்னுட்டாங்க. வந்து எழுதுங்கக்கா, மத்தத நான் பாத்துக்கிடுதேன்."

அந்தப் பக்கம் பிள்ளைகளின் இரைச்சல், ஒரு லாரியின் ஹாரன். பழசு எவ்வளவு மங்கியிருக்கு என்று கேட்பார், புதுசு எத்தனை நாளாக எரிகிறது என்று கேட்பார் என்று காத்திருந்தேன்.

"நீ ஏத்துனத நீயே எழுதுலே."