நைன்கேக்கு எடுத்து வைத்தது

என் அண்ணி நைன்கேக்கு வாய் நீளம். எங்கள் டச்சு மாகாணமான ஃப்ரீஸ்லாந்தில் ஊர் ஊராக நூலக பஸ் ஓட்டுகிறவள். "புத்தகத்துல ஜாம் ஒட்டியிருக்கே, தடவிச் சாப்பிட்டீங்களா?" என்று பாதிரியாரையே கேட்டவள். ஆனால் கரு உண்டானால் மட்டும் அந்த வாய் அடங்கிவிடும். மூன்று முறை கலைந்து போயிருந்தது. போதாக்குறைக்கு விரல் மூட்டுகள் வீங்கி, ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியாத காலைகளும் உண்டு. காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பையே தாக்குகிறதாம்.

நைன்கே கருவாக இருந்தபோது, அது தங்கட்டும் என்று அவள் அம்மா ஹில்ட்யேவுக்கு டாக்டர் ஹார்மோன் மாத்திரை கொடுத்திருக்கிறார். மகளின் கருப்பை சரியாக உருவாகாததற்கு அதுதான் காரணம் என்றார்கள். மூட்டு வீக்கத்துக்கும் அதுவா என்று கேட்டால், "இருக்கலாம், உறுதியாச் சொல்ல முடியாது" என்றார்கள்.

"அம்மாகிட்ட மூச்சு விடாதீங்க. உடைஞ்சு போயிடுவாங்க" என்று எங்களிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். டிவியில் அந்த மாத்திரை பற்றிய செய்தி வந்தால் ஓடிப்போய்ச் சேனலை மாற்றுவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இருந்தும் வாயை மூடிக்கொண்டேன்.

எண்பத்து நான்காம் வருஷம் நாலாவது முறை கரு உண்டானது. கருப்பை வாயில் தையல் போட்டுப் படுக்க வைத்தார்கள். அவள் இருமினால்கூட என் அண்ணன் டௌவே வெளிறிப் போவான். சமைத்துப் போட ஹில்ட்யே வந்து தங்கினாள். பிளாஸ்டிக் பையைக் கழுவிக் கொடியில் காயப்போடும் ஊர் எங்களுடையது. அதில் ஹில்ட்யே எங்களையெல்லாம் தூக்கிச் சாப்பிடுவாள்.

ஒரு காலை நான் முட்டை கொடுக்கப் போனேன். சமையலறையில் அவள் வெள்ளை மாத்திரை ஒன்றைக் கரண்டியின் முதுகால் நசுக்கி மோர்க்கஞ்சியில் கலக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன அத்தை இது?"

"ஷ்ஷ்! மருந்துன்னா அவ மூஞ்சியத் தூக்குவா. அவ என் வயித்துல தங்கினதே இதாலதான். அப்ப பாதி மிச்சமாச்சு. தூக்கிப்போட மனசு வருமா? அவளுக்கு உதவும்னு இத்தனை வருஷம் எடுத்து வெச்சிருந்தேன்."

ஐயோ, அதே ஹார்மோன் மாத்திரை! மாத்திரை சீசாவைப் பறித்துக்கொண்டு நைன்கேயிடம் ஓடினேன். பார்த்ததும் அவள் இரு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டாள்.

பின்னாலேயே வந்த அம்மாவிடம், "எப்பலேர்ந்து போடறே?" என்று கேட்டாள்.

"வந்த அன்னைலேர்ந்து. ஏண்டி, என்னாச்சு?"

டாக்டருக்குப் போன் போட்டேன். உடனே நிறுத்தச் சொன்னார். இவ்வளவு பழைய மாத்திரையில் என்ன வீரியம் மிஞ்சியிருக்கும் என்று அவருக்கும் தெரியவில்லை. பெண் குழந்தையாக இருந்தால், பாதிப்பு உண்டா என்பது அது வளர்ந்த பிறகுதான் தெரியும் என்றார்.

நைன்கே அழவில்லை. கட்டிலில் அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னாள். கலைந்த மூன்றையும், விரல் வீக்கத்தையும், டிவியை ஏன் மாற்றினாள் என்பதையும்.

"முன்னாடியே சொல்லியிருக்கணும்மா. நீ தாங்க மாட்டியேன்னு..."

ஹில்ட்யே கண் கொட்டாமல் மகளின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து நீ கஞ்சி போதும்னியேடி. நான்தானே விடாம ஊட்டினேன்."